ஒரு வாரத்தில் யாரும் ஆசான் ஆகிவிட முடியாது: எஸ்க்ரிமா முகாம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

பிலிப்பைன்ஸின் செபு நகருக்கு ஆட்களை அழைத்து வந்து, எஸ்க்ரிமா என்ற பிரம்புத் தற்காப்புக் கலையின் பயிற்றுநர்களாகத் திருப்பி அழைத்துப் போகும் குழுவின் பொறுப்பாளர்களுக்கு,

வரும் கல்வியாண்டு முதல் தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் மாணவிகளுக்கு, அவரவர் பள்ளியிலேயே இரண்டு நாள் கத்தித் தற்காப்பு முகாம் நடத்தப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். சுவரொட்டியில் என் ஆசானின் படம் இருக்கிறது. கத்தியோடு வருபவனை ஐந்து நொடியில் வெறுங்கையால் வீழ்த்தும் கலை என்று அதற்குக் கீழே போட்டிருக்கிறீர்கள். அவரிடம் அதைக் காட்டினேன். தமிழில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார், சொன்னேன். "இப்படி நான் எப்போது சொன்னேன்?" என்றார். இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். அதனால்தான் இந்த மடல்.

என்னை உங்களுக்குத் தெரியும். செபு ஐ.டி. பார்க்கில் இரவு வேலை பார்ப்பவன். வேலை முடிந்ததும் லபாங்கோன் பக்கம் ஒரு வீட்டுக் கொல்லையில் அந்தப் பெரியவரிடம் பிரம்பு பிடிக்கக் கற்றுக்கொண்டிருப்பவன். நீங்கள் வந்திருந்த வாரம் அவருடைய செபுவானோ மொழியையும் பாதி ஆங்கிலத்தையும் உங்கள் ஆட்களுக்குத் தமிழில் சொன்னவன் நான்தான். அதனால் அந்த வாரம் அங்கே என்ன சொல்லிக் கொடுக்கப்பட்டது, என்ன சொல்லிக் கொடுக்கப்படவில்லை என்பது எனக்குத் தெரியும். பெற்றோர்களும் தலைமை ஆசிரியர்களும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தக் கலையில் பயிற்றுநரின் வேலை என்ன என்பதிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்தால் உங்கள் முகாம் ஏன் ஆபத்தானது என்பதும் புரிந்துவிடும்.

செபுவில் 1932இல் டோசே பாரேஸ் சங்கம் தொடங்கியது. அதிலிருந்து பிரிந்து வந்த வெனன்சியோ 'அன்சியோங்' பேகன் 1952இல் பாலின்டாவாக் சங்கத்தை ஆரம்பித்தார். செபுவில் ஒரு தெருவின் பெயர் அது, அங்கேதான் பயிற்சி நடந்தது. நம் ஆசான் அந்த வழியில் வந்தவர். இந்த வழியில் மாணவன் கையில் ஒரு பிரம்பு, ஆசான் கையில் ஒரு பிரம்பு, அவ்வளவுதான். இருபத்தெட்டு அங்குல நீளம், கட்டை விரலை விடக் கொஞ்சம் தடிமன். இருவரும் கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பார்கள். ஆசான் அடிப்பார்; மாணவன் தடுத்துவிட்டுத் திருப்பி அடிக்க வேண்டும். முதலில் பன்னிரண்டு அடியும் எண் வரிசைப்படி வரும். நெற்றிப்பொட்டு, தோள், விலா, முழங்கால் என்று எந்த எண்ணுக்கு எந்த இடம் என்பது பழகிவிடும். அது பழகிய பிறகு ஆசான் வரிசையைக் கலைத்துவிடுவார். அடுத்து எது வரும் என்று தெரியாது. இடது கை சும்மா இருக்காது. எதிராளியின் கையை அமுக்கும், தள்ளும், இழுக்கும். பிரம்போடு பிரம்பு மோதி மோதி நார் தேய்ந்து லேசான கருகல் வாடை அடிக்கும். களத்தில் நின்றவர்களுக்கு அந்த வாடை மறக்காது.

இப்படி ஆசான் மாணவனுக்கு அடி கொடுத்துப் பழக்குவதை இங்கே 'அகாக்' என்பார்கள். எல்லாம் இதில்தான் இருக்கிறது. அவர் அடிப்பது நிஜமான அடி, நிஜமான வேகம். மாணவன் தடுக்கத் தவறினால் பிரம்பு அவன் நெற்றிப்பொட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிடும். முகத்தில் காற்று மட்டும் படும். எங்கே நிறுத்துவது என்பது அவர் கைக்குத் தெரியும். மாணவன் களைத்துவிட்டானா, பயந்து கண்ணை மூடுகிறானா, ரோஷத்தில் கண்டபடி வீச ஆரம்பித்துவிட்டானா என்பதையெல்லாம் அவன் மணிக்கட்டைத் தொட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்து, வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். மாணவனின் கண்ணும் பல்லும் பத்திரமாக இருப்பது ஆசானின் அந்தக் கையால்தான். அந்தக் கை வர வருடங்கள் ஆகும். என்னோடு பயிலும் உள்ளூர்க்காரர்கள் சிலர் பிள்ளைப் பருவத்திலிருந்து வருகிறவர்கள். அவர்களிலும் புதியவர்களுக்கு அடி கொடுக்க ஆசான் அனுமதித்திருப்பது இரண்டு மூன்று பேரைத்தான்.

உங்கள் குழு வந்த வாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நான்காம் நாள், வந்திருந்தவர்களை ஜோடி ஜோடியாக நிறுத்தி ஒருவருக்கு ஒருவர் அடி கொடுக்கச் சொன்னீர்கள். வீடியோ எடுக்க வேண்டும், வேகம் வேண்டும் என்றீர்கள். ஆசான் வேண்டாம் என்றார். "இவர்கள் அடி வாங்கத்தான் கற்றுக்கொண்டிருக்கிறார்கள், கொடுக்க இன்னும் கற்கவில்லை" என்று அவர் சொன்னதை வார்த்தை பிசகாமல் நான் தமிழில் சொன்னேன். நாளை மறுநாள் விமானம், நேரமில்லை என்று நீங்கள் பதில் சொன்னீர்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் இன்னொருவரின் பிரம்பைப் பறிக்கப் போக, அது கை நழுவிப் பறந்து, பக்கத்தில் நின்ற திருநெல்வேலிப் பையனின் புருவத்தில் விழுந்தது. தையல் போட்டுக் கூட்டி வந்தோம். அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். கண்ணாடியோ முகமூடியோ ஒருவரிடமும் இல்லை. நீங்கள் வெளியிட்ட வீடியோவில் அந்தக் காட்சி இல்லை; அதற்கு முந்தைய நொடி வரைக்கும் இருக்கிறது, பின்னணியில் பறை முழக்கத்தோடு.

அன்று பெரியவர்கள் ஒருவர் மேல் ஒருவர் வீசினார்கள், போகட்டும். அவர்களே இப்போது பயிற்றுநர்கள் என்ற பட்டத்தோடு பதிமூன்று வயதுப் பிள்ளைகள் முன்னால் பிரம்பெடுத்து நிற்கப் போகிறார்கள். இதை எப்படி ஒத்துக்கொள்வது?

பட்டம் என்று சொல்லும்போது அந்தச் சான்றிதழையும் பேசிவிட வேண்டும். கடைசி நாள் ஆசான் கையெழுத்துப் போட்டது வருகைச் சான்றிதழில். இன்னார் இத்தனை நாள் வந்து பயின்றார் என்பது மட்டும்தான் அதில் இருந்தது. அச்சடித்துக் கொண்டு வந்ததே நான், அதனால் சந்தேகத்துக்கு இடமில்லை. உங்கள் இணையப் பக்கத்தில் இப்போது தொங்கும் சான்றிதழில் அதே கையெழுத்து இருக்கிறது, மேலே உள்ள வாசகம் வேறு. இதற்கு என்ன பெயர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது கத்தி. என்னை அதிகம் வாட்டுவது இதுதான்.

எஸ்க்ரிமாவில் பிரம்பு என்பது பல இடங்களில் வெட்டுக்கத்திக்குப் பதிலாகக் கையில் கொடுக்கப்படுவது. இங்கே கிராமத்தில் தேங்காய் வெட்டவும் புதர் செதுக்கவும் வைத்திருக்கும் போலோ, செபுப் பக்கத்தின் பினுத்தி, இவற்றின் வீச்சுதான் பிரம்பின் வீச்சாகவும் இருக்கிறது. ஆனால் பிரம்புக்கு மட்டுமே பொருந்தும் வேலைகளும் உண்டு. எதிராளியின் பிரம்பை உள்ளங்கையால் பிடித்து முறுக்கிப் பறிப்பது அதில் ஒன்று. பார்க்க அழகாக இருக்கும், கைதட்டல் வாங்கும். பிரம்பை அப்படிப் பிடிக்கலாம். கத்தியை அப்படிப் பிடித்தால் விரல் இருக்காது. ஆசான் இதைச் சொல்லிவிட்டுத்தான் பறிப்பு முறைகளையே ஆரம்பித்தார். உங்கள் விளம்பர வீடியோவில் உங்கள் பயிற்றுநர் அதே பறிப்பை அலுமினியக் கத்தியை வைத்துச் செய்து காட்டுகிறார். வெட்டும் விளிம்பைத் தன் உள்ளங்கையால் அணைத்துக்கொண்டு புன்னகைக்கிறார். ஆயிரக்கணக்கானவர்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள். அதில் ஒரு பிள்ளை நம்பினாலும் போதாதா?

ஐந்தாம் நாள் மாலை ஆசான் ஒரு பாடம் வைத்திருந்தார். அது உங்களுக்கு நினைவிருக்கும் என்று நம்புகிறேன். மரக்கத்தியின் விளிம்பில் உதட்டுச் சாயத்தைத் தடவி ஒருவன் கையில் கொடுப்பார். எதிரே நிற்பவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கற்ற வித்தையெல்லாம் காட்டி அதைப் பறிக்க வேண்டும். கத்தி வைத்திருப்பவனுக்கு எந்த விதியும் கிடையாது. சினிமாவில் வருவது போல் ஒரே ஒரு குத்துக் குத்திவிட்டுக் கையை நீட்டியபடி நிற்க மாட்டான். மறைத்து வைத்திருந்து, இடது கையால் சட்டையைப் பிடித்துக்கொண்டு, தையல் மிஷின் ஊசி போலக் குத்திக்கொண்டே இருப்பான். கொஞ்ச நேரம் கழித்துச் சட்டையைப் பார்த்தால் வயிறு, முன்கை, கழுத்து எல்லாம் சிவப்புக் கோடு. அனுபவமுள்ளவர்களுக்கும் இதே கதிதான். ஆசான் அதைக் காட்டிவிட்டுத்தான் கத்திப் பாடத்தைத் தொடங்குவார். முதல் பாடம் ஓடுவது. இரண்டாவது பாடம், ஓட முடியாவிட்டால் நடுவில் ஏதாவது ஒன்றைப் போடுவது: மேஜை, நாற்காலி, சைக்கிள், புத்தகப் பை. கையில் நீளமாக ஏதாவது இருந்தால் தூரத்திலிருந்தே கத்தி பிடித்த கையை அடிப்பது அதற்குப் பிறகு. வெறுங்கை என்பது வேறு எந்த வழியும் மிஞ்சாதபோது.

அந்த மாலைப் பாடத்தை நீங்கள் ரத்து செய்யச் சொன்னீர்கள். வந்திருப்பவர்களின் உற்சாகம் குறைந்துவிடும் என்றீர்கள். பதிலுக்கு இரட்டைப் பிரம்புச் சினவாலி கேட்டீர்கள், கடற்கரையில் வைத்து எடுத்தால் நன்றாக வரும் என்று. எனக்கும் சினவாலி பிடிக்கும். இரண்டு கையும் பழக அதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஆனால் கத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டிய ஒரே உண்மையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அதை வைத்தீர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் அந்த உண்மை இல்லாத பாடம்தான் போகப்போகிறது.

போகப்போகிறது என்ன, போய்விட்டது. என் அக்கா மகள் படிக்கும் பள்ளியில் உங்கள் இலவச முன்னோட்ட வகுப்பு நடந்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு. நான் விடுமுறையில் ஊருக்குப் போனபோது, "மாமா, நீங்க கத்துக்கிறதுதான் எங்களுக்கும் சொல்லிக் குடுத்தாங்க" என்று பெருமையாக ஓடி வந்து செய்து காட்டினாள். மணிக்கட்டைப் பிடித்து வெளிப்பக்கம் முறுக்கிக் கத்தியைத் தட்டிவிடும் முறை. அவளுக்கு அப்பா வயது ஆள் ஒருவர் மெதுவாகக் கையை நீட்டி, அவள் முறுக்கும் வரை காத்திருந்து, தானே கத்தியைக் கீழே போட்டிருக்கிறார். அதைத்தான் அவள் வென்றதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒரு பழைய வெள்ளைப் பனியனைப் போட்டுவிட்டு, அவள் அம்மாவின் உதட்டுச் சாயத்தை ஒரு மர அளவுகோலில் தடவினேன். அக்காவும் பக்கத்திலேயே நின்றாள். வேகமாகக்கூடச் செய்யவில்லை, பாதி வேகம். முதல் தடவை மணிக்கட்டைப் பிடித்தாள், பிடி நிற்கவில்லை. அடுத்து இரண்டு கையாலும் அளவுகோலையே பிடித்தாள். நிறுத்திவிட்டுப் பார்த்தால் இரண்டு உள்ளங்கையிலும் சிவப்பு, இடுப்புப் பக்கம் நான்கைந்து கோடு, கழுத்தில் ஒன்று. அவள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்போ அந்த சார் சொன்னது பொய்யா மாமா?" என்று கேட்டாள். அவள் வகுப்பில் அந்த முன்னோட்டத்தைப் பார்த்த மற்றப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி வரவே வாய்ப்பில்லை. ஏதாவது ஒரு நாள் பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் கத்தியைக் காட்டும்போது, ஓடித் தப்பிக்க வேண்டிய பிள்ளை நின்று மணிக்கட்டைப் பிடிக்கப் போனால் அதற்கு யார் பொறுப்பு?

பிலிப்பைன்ஸ் பள்ளிகளில் என்ன செய்கிறார்கள் என்பதையாவது பார்த்திருக்கலாம். 2009இல் குடியரசுச் சட்டம் 9850, எஸ்க்ரிமாவின் இன்னொரு பெயரான ஆர்னிஸைத் தேசியத் தற்காப்புக் கலையாகவும் விளையாட்டாகவும் அறிவித்தது. பள்ளி மாணவர்களின் தேசியப் போட்டியான பலாரோங் பம்பான்சாவில் அது இருக்கிறது. அங்கே பிள்ளைகள் என்ன ஆடுகிறார்கள் தெரியுமா? ஒன்று, அன்யோ, நம் சிலம்ப வரிசை போலத் தனியாகச் செய்து காட்டுவது. இன்னொன்று சண்டை, அதற்குத் தலைக்கவசமும் மார்புக்கவசமும் போட்டுக்கொண்டு நுரை சுற்றிய குச்சியால் அடிப்பார்கள். 1989இல் செபுவில் நடந்த உலகப் போட்டியில் வளர்ந்த ஆண்களே முகமூடியும் கவசமும் போட்டுத்தான் இறங்கினார்கள். ரெமி பிரேசாஸ் நெக்ரோஸிலிருந்து வந்து நவீன ஆர்னிஸை வகுத்தபோது, எதிராளியின் கையை அடித்துப் பழகும் பழைய முறையை விட்டுவிட்டு பிரம்பை அடித்துப் பழகச் சொன்னார். விரல் உடைந்து உடைந்து மாணவர்கள் ஓடிப்போகிறார்கள் என்பதைப் பார்த்துச் செய்த மாற்றம் அது. கலை பிறந்த மண்ணிலேயே இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். நீங்களோ பள்ளி மேடையில் கூர் தீட்டிய கத்திகளை அடுக்கி வைத்துப் பிள்ளைகளைப் படம் எடுத்துக்கொள்ள விடுகிறீர்கள். பிலிப்பைன்ஸில் பிழைப்புக்குத் தேவையான கருவியாக இல்லாவிட்டால் வீட்டுக்கு வெளியே கத்தி வைத்திருப்பதே 1978இன் படாஸ் பம்பான்சா 6 சட்டப்படி குற்றம். இந்தியாவிலும் ஆயுதச் சட்டம் இருக்கிறது. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமான கத்தி எதற்கு, யாரிடம் இருக்கலாம் என்பதைச் சுற்றுலா நினைவுப் பொருள் போல வாங்கிப் போனவர்கள் ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அப்புறம் அந்தச் சோழன் கதை. உங்கள் அறிவிப்பில், செபுவை ஆண்டவன் ஸ்ரீ லுமாய் என்ற சோழ இளவரசன், எஸ்க்ரிமா என்பது கடல் கடந்த சிலம்பமே, ஆகவே நம் சொத்தை நாமே மீட்கிறோம் என்று போட்டிருக்கிறீர்கள். நானும் தமிழன்தான், கேட்கும்போது எனக்கும் உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் ஸ்ரீ லுமாய் வருவது செபுவின் வாய்மொழிக் கதையில். அது எழுத்தில் வந்ததே இருபதாம் நூற்றாண்டில். 1521இல் மகெல்லனோடு செபுவுக்கு வந்து, அரசன் ஹுமாபோனை நேரில் பார்த்து எழுதிவைத்த பிகஃபெட்டாவின் குறிப்பில் அந்தப் பெயர் கிடையாது. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி கடாரத்தைச் சொல்கிறது, ஸ்ரீவிஜயத்தைச் சொல்கிறது, மாநக்கவாரத்தைச் சொல்கிறது, செபுவைச் சொல்லவில்லை. களத்தில் நின்று பார்த்தாலும் தெரியும். நம் கம்பு நெற்றி உயரம், இரண்டு கையும் மாறி மாறிப் பிடிக்கும், சுழற்சியில் உயிர் இருக்கிறது. இவர்கள் பிரம்பு ஒரு கைக்கானது, நெருக்கத்தில் நின்று ஆடுவது, மற்றக் கை தனியாக வேலை பார்ப்பது. இரண்டுமே அருமையான கலைகள். ஒன்றிலிருந்து இன்னொன்று வந்தது என்பதற்குச் சான்றில்லை.

இதை நான் வரலாற்றுப் பிழை திருத்துவதற்காக மட்டும் சொல்லவில்லை. இந்தக் கதை உங்களுக்கு ஒரு காரியத்துக்கு உதவுகிறது. எல்லாம் நம்முடையதுதான் என்று ஆகிவிட்டால், கற்றுக் கொடுத்தவருக்கு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் இங்கே இருந்த காலத்திலும் அதற்குப் பிறகும், தெருக்களிலும் கொல்லைகளிலும் இதைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் செபுவின் உழைப்பாளிகள். டோசே பாரேஸின் சிறந்த ஆட்டக்காரராக இருந்த தியோடோரோ சாவெத்ரா அந்தப் போரில் ஜப்பானியர் கையில் உயிரையே விட்டார். நம் ஆசான் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இன்றைக்கும் மழை பெய்தால் கொல்லையில் தண்ணீர் கட்டிக்கொள்ளும், தகரக் கொட்டகையின் ஒரு மூலையில்தான் பயிற்சி நடக்கும். அந்த வாரத்துக்கு நீங்கள் ஓர் ஆளிடம் வாங்கியது எவ்வளவு என்று எனக்குத் தெரியும், வந்தவர்களே சொன்னார்கள். ஆசானிடம் கொடுத்த உறையையும் எனக்குத் தெரியும், ஏனென்றால் அதை அவர் என் முன்னால்தான் பிரித்தார். ஒரு ஆள் கட்டியதில் பத்தில் ஒரு பங்குகூட அதில் இல்லை. அவர் முகம் சுளிக்கவில்லை, சமைத்துப் போட்டு அனுப்பினார். அதன் பிறகும் அவர் படத்தைப் போட்டுப் பள்ளிக்குப் பள்ளி கட்டணம் வசூலிக்க உங்களுக்கு மனசு வந்திருக்கிறது.

தமிழ்ப் பிள்ளைகள் எஸ்க்ரிமா கற்கக் கூடாது என்பது என் எண்ணமில்லை. கற்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். சிலம்பம் சுற்றிய கைக்கு இது சீக்கிரம் வரும், அதை நான் கண்ணாலேயே பார்த்தேன். உங்களோடு வந்த தென்காசிப் பெண் ஒருவரின் காலடி முதல் நாளே ஆசானை ஆச்சரியப்படுத்தியது. முறையாகக் கற்றால் அவர் நல்ல ஆசிரியையாக வருவார். அப்படிப்பட்டவர்களையும் ஒரு வாரச் சான்றிதழைக் கொடுத்துக் கெடுத்துவிடாதீர்கள்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

பள்ளி முகாம் அறிவிப்பை உடனே திரும்பப் பெறுங்கள். ஏற்கெனவே முன்னோட்ட வகுப்பு நடந்த பள்ளிகளுக்கு, அங்கே காட்டிய வெறுங்கைப் பறிப்பை நம்பி எந்தப் பிள்ளையும் கத்தியை எதிர்கொள்ளக் கூடாது என்று எழுத்தில் தெரிவியுங்கள். இது மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் நடக்க வேண்டும். பள்ளிகள் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஐந்து நொடி, நூறு சதவீதம், உத்தரவாதம் போன்ற சொற்கள் இருக்கும் விளம்பரங்களையும், விளிம்பைக் கையால் அணைக்கும் அந்த வீடியோவையும் எடுத்துவிடுங்கள்.

ஆசானின் கையெழுத்தோடு இருக்கும் பயிற்றுநர் சான்றிதழ்கள் செல்லாது என்று பகிரங்கமாகச் சொல்லுங்கள். அவர் எழுத்தில் அனுமதி தரும்வரை அவர் பெயரும் படமும் உங்கள் எந்த அறிவிப்பிலும் இருக்கக் கூடாது. இதுவரை அவர் படத்தை வைத்து வாங்கிய கட்டணத்தின் கணக்கை அவருக்குக் காட்டி, நியாயமான பங்கைக் கொடுங்கள். கணக்கைப் பற்றி அவரிடம் பேச வேண்டுமானால் மொழிபெயர்க்க நான் வருகிறேன்.

இனி நீங்கள் எங்கே பயிற்சி வைத்தாலும் கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் யாரும் இன்னொருவர் மேல் பிரம்பை வீசக் கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நுரைக்குச்சி போதும். கூர்க்கத்தி எந்தப் பள்ளி வளாகத்துக்குள்ளும் போகக் கூடாது, காட்சிக்குக்கூட. பெண் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகப் பேசுவதாக இருந்தால் முதல் பத்து நிமிஷத்தில் குழந்தைகள் உதவி எண் 1098ஐயும் பெண்கள் உதவி எண் 181ஐயும் சொல்லிக் கொடுங்கள். எப்படிக் கத்துவது, எந்தப் பக்கம் ஓடுவது, தெரிந்த ஆளே தொல்லை கொடுத்தால் யாரிடம் சொல்வது என்பதைப் பேசுங்கள். இதற்குப் பிரம்பே தேவையில்லை.

சோழ இளவரசன் கதையை அறிவிப்பிலிருந்து நீக்கிவிட்டு, இந்தக் கலை யாருடையது, எந்தச் சங்கத்தின் வழியாக வந்தது, யாரிடம் எவ்வளவு காலம் கற்றீர்கள் என்பதை ஒளிக்காமல் போடுங்கள்.

உண்மையிலேயே இதைத் தமிழ்நாட்டில் வளர்க்க வேண்டும் என்று நினைத்தால், உங்களில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து நீண்ட காலம் இங்கே தங்கிக் கற்க அனுப்புங்கள். அடி கொடுக்கும் கை வந்துவிட்டது என்று ஆசான் சொன்ன பிறகு அவர்கள் போய் வகுப்பு நடத்தட்டும். ஆசானிடம் இதைப் பேசிவிட்டேன், அவருக்குச் சம்மதம். தங்குவதற்கு என் அறையில் இடம் இருக்கிறது, வாடகை வேண்டாம்.

பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இந்த முகாமுக்கு யாராவது அனுமதி கேட்டு வந்தால், கத்தியோடு வருபவனிடம் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று அவரைக் கேளுங்கள். ஓட வேண்டும் என்று சொல்லாதவரை உள்ளே விடாதீர்கள்.

இந்த மடலின் ஆங்கிலப் படியை ஆசானிடம் படித்துக் காட்டி, அவர் ஒப்புதலோடுதான் வெளியிடுகிறேன். பள்ளிகளுக்கு நீங்கள் எழுதும் கடிதத்தின் நகலை எனக்கும் அனுப்பிவையுங்கள்.

செபு நகரிலிருந்து,
அந்த வாரம் உங்களுக்கு மொழிபெயர்த்தவன்